பெயர்ப்பலகையின் எடையும் காற்றின் விசையும்

ஏசிபி தகடு (நடுவில் பிளாஸ்டிக் வைத்து இருபுறமும் மெல்லிய அலுமினியம் ஒட்டிய தகடு) சதுர மீட்டருக்கு ஐந்தரை கிலோ அளவே எடையுள்ளது, ஆகவே சென்னையில் 6 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள பெயர்ப்பலகைக்கும் பிளாஸ்டிக் பிளக் வைத்த திருகுகளே போதும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். எடை பற்றிய கணக்கு சரியே; ஆனால் பெரிய பலகையைச் சுவரிலிருந்து பிடுங்குவது பெரும்பாலும் எடையன்று, காற்று.

இந்தியத் தரநிலை ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக வினாடிக்கு 50 மீட்டரைக் கொள்கிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கிக் கிடைப்பதால், உயரம், நிலப்பரப்பு முதலிய திருத்தங்களுக்கு முன்பே அது சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன் ஆகிறது. 12 சதுர மீட்டர் பலகைக்கு ஏறத்தாழ 1.8 டன் விசை. புயலின்போது காற்று பலகையைச் சுவரோடு அழுத்துவதோடு நிற்பதில்லை, வெளிப்புறமாக உறிஞ்சி இழுக்கவும் செய்யும்; அந்த இழுப்பு விளிம்புகளிலும் மூலைகளிலும்தான் கடுமையாக இருக்கும்.

ஆகவே இரும்புச் சட்டகம் அமைத்து, பூச்சையும் செங்கல்லையும் நம்பாமல், கான்கிரீட் தூணிலோ உத்தரத்திலோ ஆங்கர் போல்ட்டுகளால் (கான்கிரீட்டுக்குள் ஆழமாகப் பதித்து இறுக்கும் போல்ட்டுகள்) பிணைக்க வேண்டும். எத்தனை போல்ட், எவ்வளவு ஆழம் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும், பலகை செய்பவர் அல்லர். கடற்கரை அருகே என்றால் 304 தர எவர்சில்வர் போல்ட்டைவிட 316 தரம் நல்லது. அலுமினியத் தகடு இரும்பை நேரடியாகத் தொட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியமே அரிக்கும் என்பதால், இடையில் நைலான் வாஷர் வையுங்கள்.