கடலோர வீட்டுக்கு எந்த ஜாய்ஸ்டிக்?

கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்கு ஜாய்ஸ்டிக் வாங்குவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். கனமான உலோக ஸ்டிக்கும் கை நிறைய பட்டன்களும் இருந்தால்தான் நிஜ விமானம் போல இருக்கும் என்கிறது அது. நான் முதலில் பார்ப்பது ஸ்டிக்கின் அசைவை அளக்க உள்ளே இருக்கும் சென்சாரை. விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் பொட்டென்ஷியோமீட்டர்தான். கார்பன் பட்டை மேல் ஒரு முனை உரசிக்கொண்டே இருக்கும். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் வீடு என்றால் ஈரம், உப்பு, தூசி மூன்றும் அதைச் சீக்கிரம் கெடுத்துவிடும். எங்கள் வீட்டுப் பழைய ஸ்டிக்கில் கையே வைக்காவிட்டாலும் திரையில் குறி துடித்துக்கொண்டே இருக்கும். திருவனந்தபுரத்தில் 32ஆம் ஓடுபாதைக்கு இறங்கும் நேரத்தில் மூக்கு அப்படி ஆடினால் எப்படிப் பிடிப்பது? ஹால் சென்சார் காந்தப்புலத்தை அளக்கிறது, உரசலே கிடையாது. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் என்ற ஜாய்ஸ்டிக்கில் முக்கிய இரண்டு அச்சுகளுக்கும் அதுதான். இடது கைக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஏர்பஸ் கேப்டனின் ஸ்டிக் இடது பக்கம்தானே.

சரி, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில்? நீங்கள் ஓட்டும் விமானத்தைப் பொறுத்தது. ஏர்பஸ் ஏ320 என்றால் கிளைம்ப், ஃப்ளெக்ஸ், டோகா என்ற எஞ்சின் விசை நிலைகளுக்கான இடங்களில் 'டக்' என்று விழுந்து நிற்கும் லீவர் வேண்டும். எஞ்சின் விசையைத் தானாகவே சரிசெய்யும் ஆட்டோத்ரஸ்ட் வேலை செய்யும்போது அசல் லீவரும் நகராது என்பதால் வீட்டிலும் அப்படியே பொருந்தும். போயிங் 737இல் அப்படித் தானியங்கி வேலை செய்யும்போது லீவரும் தானாக நகரும். மோட்டார் இல்லாத த்ராட்டிலில் அந்த உணர்வு வராது. செஸ்னா 172 என்ற சிறிய விமானம் மட்டும் ஓட்டுகிறவர்கள் ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு, ஸ்டியரிங் போலப் பிடித்து ஓட்டும் யோக் வாங்குங்கள். விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பக் காலால் மிதிக்கும் ரட்டர் பெடல் அப்புறம் பார்க்கலாம், ஸ்டிக்கைத் திருகினாலே ஆரம்பத்துக்குப் போதும்.