"எவன் வந்தாலும் இதைத்தான் செய்வான்"

ஓர் ஊழல் வெளியே வந்தால் எல்லாரும் தொகையைத்தான் பேசுகிறோம். எனக்குக் கவலை தருவது, அதைப் படித்துவிட்டு ஜனங்கள் சொல்லும் பதில்: "எவன் வந்தாலும் இதைத்தான் செய்வான், விடு." அதில் கோபம்கூட இல்லை.

இத்தாலியைப் பாருங்கள். 1992 பிப்ரவரி 17. மிலானில் ஒரு முதியோர் இல்லத்தை நிர்வகித்த மாரியோ கியேசா என்ற சோஷலிஸ்ட் கட்சிக்காரர், துப்புரவு கான்ட்ராக்ட் எடுத்தவரிடம் 70 லட்சம் லிரா லஞ்சம் வாங்கும்போது கையும் களவுமாகப் பிடிபட்டார். முதியோர் இல்லத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலையில்கூடக் கமிஷன்! கட்சித் தலைவரும் முன்னாள் பிரதமருமான கிராக்ஸி, "அவன் ஒரு போக்கிரி" என்கிற தோரணையில் கைகழுவினார். கியேசா வாயைத் திறந்தார். அப்புறம் ஒவ்வொருவராக மாட்டினார்கள். 1994இல் கிராக்ஸி துனீசியாவுக்கு ஓடினார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆட்சியில் கோலோச்சிய கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி அதே வருடம் கலைந்தது.

சரி, பழையவர்கள் போனார்கள். வந்தது யார்? தொலைக்காட்சி முதலாளி பெர்லுஸ்கோனி. தான் அரசியல்வாதி இல்லை என்பதையே தகுதியாகக் காட்டி ஜெயித்தார். 2013இல் வரி மோசடி வழக்கில் அவருக்கே தண்டனை உறுதியானது. கட்சிகள்மேல் வந்த வெறுப்பு அரசியல்மேலேயே வெறுப்பாக மாறினால் இப்படித்தான் ஆகும்.

இந்த அவநம்பிக்கையால் ஊழல்வாதிக்கு நஷ்டமே இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். எல்லாரும் திருடர்கள் என்று முடிவுகட்டியவருக்கு, நேர்மையாக நிற்கும் வேட்பாளரும் இன்னும் மாட்டாத திருடர்தான். அதனால் வாக்குச்சாவடிக்கே போகமாட்டார். அல்லது "திருடனா இருந்தாலும் நம்ம ஆள்" என்று குத்திவிட்டு வருவார். வரி கட்ட மனசு வராது. அதைவிட மோசம், அரசு உண்மையைச் சொன்னாலும் காதில் ஏறாது. தடுப்பூசி போட்டுக்கொள் என்றால் இதில் யாருக்குக் கமிஷன் என்று கேட்பார். கேட்பவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அவரை அப்படி ஆக்கியவர்கள் பதவியில் இருந்தவர்கள்.

அமெரிக்காவில் 1964இல் அரசை நம்பியவர்கள் 77 சதவீதம். வியட்நாம் போரும், எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஒட்டுக்கேட்கப் புகுந்ததையும் அதை மூடிமறைத்ததையும் பற்றிய வாட்டர்கேட் ஊழலும் சேர்ந்து 1974 கடைசியில் அது 36 ஆனது. ஆனால் அதே 1974இல்தான் உச்ச நீதிமன்றம் வெள்ளை மாளிகைப் பேச்சுகள் பதிவான ஒலிநாடாக்களை ஒப்படைக்கச் சொல்லி அதிபர் நிக்ஸனுக்கு உத்தரவிட்டது. விசாரித்த எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில். அவர்களில் மூவர் நிக்ஸனே நியமித்தவர்கள். அடுத்த மாதமே அவர் ராஜினாமா செய்தார். இதை ஜனநாயகத்தின் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஊழல் செய்தியே வராத நாட்டில் ஊழல் இல்லை என்று அர்த்தமில்லை. எழுத ஆளில்லாமலும் இருக்கலாம்.

அதனால் நான் பார்ப்பது, மாட்டிய பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான். குற்றப்பத்திரிகை தாக்கலானதா? விசாரித்த அதிகாரி பாதியில் தூக்கியடிக்கப்பட்டாரா? தீர்ப்பு வருவதற்குள் குற்றம்சாட்டப்பட்டவர் இன்னும் இரண்டு தேர்தலில் ஜெயித்துவிட்டாரா? ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம் இதையெல்லாம் கேளுங்கள், அவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும்.