எரிக்கலாம், கரைக்கக் கூடாது: டர்பன் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தமிழ்க் கத்தோலிக்க வீட்டில் சாவு விழுந்தால் கூடும் சொந்தத்தில் இந்துக்களும் இருப்பார்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றி வந்த ட்ரூரோ கப்பலிலேயே இரண்டு மதத்தாரும் இருந்தார்கள். பெண் கொடுத்து எடுத்து ஒரே குடும்பமாகவே வளர்ந்திருக்கிறோம். அதனால் துக்க வீட்டில் பேச்சு தானாக ஒரு வழியில் ஓடும். கிளேர் எஸ்டேட் தகன மேடையில் எரிப்பது, பிறகு சாம்பலை வாங்கி உம்கேனி ஆறு கடலில் சேரும் ப்ளூ லகூனில் கரைப்பது, பதினாறாம் நாள் காரியம். இதில் தகனத்துக்குத் திருச்சபை குறுக்கே நிற்கவில்லை. பதினாறாம் நாளுக்கும் இடம் உண்டு. கரைப்பதற்கு மட்டும் இடமில்லை. அழுகிற வீட்டில் இதைச் சொல்லப் பலரும் தயங்குகிறார்கள். எல்லாரும் நலமாக இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெரியவர்களின் பயத்தைப் பார்ப்போம். எரித்தால் பாவம் என்று நினைக்கிறவர்கள் இன்றும் உண்டு. அந்த நினைப்பு காரணமில்லாமல் வரவில்லை. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உயிர்ப்பு, அதாவது இறந்தோர் மீண்டும் எழுவது என்பதே பொய் என்று காட்டுவதற்காகச் சிலர் தகனத்தை ஓர் இயக்கமாக நடத்தினார்கள். அதற்கு எதிராகத்தான் 1886-இல் ரோமை தடை போட்டது. அந்த நோக்கம் மங்கியபின் 1963-இல் தடை தளர்ந்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1176-ஆம் விதி சொல்வது இதுதான்: அடக்கம் செய்வதே சிறந்தது, விசுவாசத்துக்கு விரோதமான காரணத்துக்காகத் தேர்ந்துகொள்ளாத வரை தகனத்துக்குத் தடையில்லை.

சாம்பல் பற்றிய தெளிவான விதி 2016-இல் ரோமையிலிருந்து வந்தது. நிலத்திலோ நீரிலோ காற்றிலோ தூவக் கூடாது. பிள்ளைகளுக்குள் பங்கு பிரிக்கக் கூடாது. நகையில், லாக்கெட்டில் அடைத்து வைக்கக் கூடாது. வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது. மிக அபூர்வமான சூழலில் ஆயர் அனுமதித்தால் மட்டுமே விலக்கு. சாம்பல் போய்ச் சேர வேண்டிய இடம் கல்லறைத் தோட்டம், அல்லது அதற்கென்று அர்ச்சிக்கப்பட்ட வேறோர் இடம். 2023 டிசம்பரில் ஒரு சிறு தளர்வு வந்தது. முக்கியப் பகுதி புனித இடத்தில் இருந்தால், மிகச் சிறிய அளவை இறந்தவருக்கு நெருக்கமான ஓர் இடத்தில் வைக்கலாமா என்று திருச்சபை அதிகாரியிடம் கேட்கலாம். கேட்காமல் செய்வதற்கான அனுமதியாக இதை எடுத்துக்கொள்ள முடியாது.

ஏன் இத்தனை கண்டிப்பு? சிதறிய சாம்பலிலிருந்து கடவுளால் எழுப்ப முடியாது என்பதற்காக இல்லை. கி.பி. 177-இல் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட லியோன் நகர மறைசாட்சிகளின் உடல்களை எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கொட்டினார்கள். இனி எப்படி உயிர்ப்பார்கள் பார்ப்போம் என்ற ஏளனத்தோடு பகைவர்கள் செய்த காரியம் அது. அந்த மறைசாட்சிகளை நாம் இன்றும் புனிதர்களாக வணங்குகிறோம். கேள்வி நாம் செய்கிற செயல் என்ன சொல்கிறது என்பதுதான். உடல் பஞ்சபூதத்தில் கலந்து தீர்ந்தது என்று நம்புகிற இந்து உறவினர் ஆற்றில் கரைப்பது அவருடைய நம்பிக்கைக்கு நேர்மையானது. "உடலின் உயிர்ப்பை விசுவசிக்கிறேன்" என்று ஞாயிறுதோறும் சொல்கிற நாம் அதையே செய்தால், வாய் ஒன்று சொல்லக் கை வேறொன்று செய்கிறது. தவிர, பெயர் எழுதிய ஓர் இடம் வேண்டும். இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2-ஆம் தேதி பேரப்பிள்ளைகள் மெழுகுதிரி ஏற்ற எங்கே போவார்கள்?

இனி நடைமுறை. தகன நேரத்தைப் பதிவு செய்துவிட்டுப் பங்குத்தந்தையை அழைப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம். நேரம் நெருக்க, திருப்பலி கைவிடப்பட்டு தகன மேடையில் ஐந்து நிமிட ஜெபமாகச் சுருங்கிவிடும். முதலில் கோயில் நேரம், பிறகு தகன நேரம். உடல் கோயிலுக்கு வர வேண்டும் என்பதே திருச்சபையின் விருப்பம். பாஸ்காத் திரி என்ற உயிர்ப்பு விழா மெழுகுதிரியும் தீர்த்தமும் தூபமும் அந்த உடலுக்குச் செய்யும் மரியாதை. தகனம் அதற்குப் பிறகு நடக்கட்டும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் இறுதிச் சடங்கு நடத்துபவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்; அதன் பேட்டரி உலையில் வெடிக்கும். கையில் வைக்கும் ஜெபமாலை மரமணியாக இருக்கட்டும். கண்ணாடியும் உலோகமும் உருகும். பெரியவர் ஒருவரின் சாம்பல் ஏறக்குறைய 2 முதல் 3 கிலோ இருக்கும். ஒரே கலசத்தில் மொத்தமாக வாங்குங்கள். "அக்காவுக்குக் கொஞ்சம், இந்தியாவுக்குக் கொஞ்சம்" என்ற பேச்சுக்கு அங்கேயே முற்றுப்புள்ளி வையுங்கள். வாங்குகிற தேதிக்கு முன்பே அடக்க நாள் குறித்திருந்தால், கலசம் அலமாரியில் வருடக்கணக்கில் காத்திருக்காது. குடும்பக் கல்லறை ஏற்கெனவே இருந்தால் அதிலேயே கலசத்தைப் புதைக்க முடியுமா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அதுதான் செலவு குறைந்த வழி. கலசம் வைக்கும் சுவர்மாடம் எடுப்பதானால், எத்தனை ஆண்டுக் குத்தகை, யார் பெயரில், காலம் முடிந்தபின் கலசம் எங்கே போகும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். கலசம் வைக்கும்போதும் குருவானவர் வந்து அடக்க ஜெபம் சொல்ல வேண்டும்.

பதினாறாம் நாளை நான் மனதார ஆதரிக்கிறேன். மூன்றாம், ஏழாம், முப்பதாம் நாட்களுக்கென்று தனித் திருப்பலி மன்றாட்டுகள் பழைய ரோமைப் பூசைப் புத்தகத்திலேயே இருந்தன. நாள் குறித்து இறந்தவரை நினைப்பது நமக்கு அந்நியமில்லை. காலையில் திருப்பலி, பிறகு உறவெல்லாம் உட்கார்ந்து சாப்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். இறுதிச் சடங்கன்று போடும் வாய்க்கரிசி பற்றி மட்டும் என் கருத்து வேறு. ஆவியின் பசிக்கென்று இடுகிற அரிசி அது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் தீர்த்தம் தெளித்துப் பூ வைக்கட்டும். இந்து உறவினரும் அந்த வரிசையில் தயக்கமில்லாமல் வரலாம். யாராவது அரிசியோடு வந்துவிட்டால் பெட்டியருகே நின்று வாக்குவாதம் செய்யாதீர்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் விருப்பத்தைத் தேதியிட்டு, கையொப்பத்தோடு எழுதி ஒரு நகலைப் பிள்ளைகளிடமும் இன்னொன்றைப் பங்கு அலுவலகத்திலும் கொடுங்கள். வீட்டில் இறுதிச் சடங்குப் பாலிசி இருந்தால் எடுத்துப் படியுங்கள். பெட்டியும் வண்டியும் பெரும்பாலும் அதில் சேர்ந்திருக்கும். கலசம் வைக்கும் இடத்தின் செலவு சேர்ந்திருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.