ரிசல்ட் வரும்வரை வாசலில் நிறுத்தாதீர்கள்

கொரோனா காலத்தில் ஒரு நள்ளிரவு. அப்பாவுக்கு நெஞ்சு வலி. அவசர சிகிச்சைப் பிரிவு வாசலிலேயே மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்தார்கள். "ஆர்டிபிசிஆர் ரிசல்ட் வரட்டும், அப்புறம் உள்ளே எடுக்கிறோம்" என்றார்கள். அது வரப் பல மணி நேரம் ஆகும். ஸ்ட்ரெச்சரில் வியர்த்துக் கிடந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு மருத்துவர் வெளியே வந்து, முதலில் ஈசிஜி எடுங்கள் என்று சத்தம் போட்ட பிறகுதான் காரியம் நடந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார். எனக்கு அந்த வாசல் இன்னும் மறக்கவில்லை.

மாரடைப்போடு வருபவருக்கு, வந்து சேர்ந்த 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களே வைத்திருக்கும் இலக்கு. பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். வைரஸ் ரிசல்ட்டுக்காக இந்த நேரத்தைச் செலவழிக்க யாருக்கும் உரிமை இல்லை.

அதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2015இல் தென் கொரியாவில் மெர்ஸ் என்ற, கொரோனா வகை வைரஸால் வரும் சுவாச நோய் பரவியபோது, சியோலில் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மூன்று நாள் இருந்த ஒரே நோயாளியிடமிருந்து 82 பேருக்குத் தொற்றியது. அவருக்கு மெர்ஸ் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அந்த 82 பேரில் 41 பேர் துணைக்கும் பார்க்கவும் வந்தவர்கள். 2003இல் டொராண்டோவிலும் இப்படித்தான். அதே வகை வைரஸால் வரும் சார்ஸ் நோய் என்று தெரியாமல் ஒருவரை இரவு முழுக்க அவசரப் பிரிவிலேயே வைத்திருந்தார்கள். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர்களுக்கும் வந்துவிட்டது. திரைச்சீலை காற்றைத் தடுக்காது.

ஆக, வாசலில் கவனம் வேண்டும். காய்ச்சலா, இருமலா, வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்க ஒரு நிமிடம். மாஸ்க் மாட்ட அரை நிமிடம். இருமுபவரைத் தனி அறைக்கோ, ஜன்னல் திறந்த பக்கத்துக்கோ தள்ளிப் படுக்கவைக்க இன்னும் கொஞ்ச நேரம். நினைவில்லாமல் வருபவரிடம் கேள்வி கேட்க முடியாது, சரி. அவருக்குத் தொற்று இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாமே!

நெகட்டிவ் என்று வந்தால் மட்டும் நிம்மதியா? 2020இல் நியூயார்க்கில் பிரசவத்துக்கு வந்த 215 பெண்களில் 33 பேருக்குக் கொரோனா தொற்று இருந்தது. அவர்களில் 29 பேருக்கு அறிகுறியே இல்லை. கால் மணி நேரத்தில் முடிவு சொல்லும் ராபிட் டெஸ்ட், அறிகுறி இல்லாதவர்களிடம் பாதிக்குப் பாதி கோட்டை விடுகிறது. ரிசல்ட்டை வைத்து எந்த வார்டுக்கு அனுப்புவது, யார் பக்கத்தில் படுக்கவைப்பது என்று முடிவு செய்யுங்கள். தொட்டு வைத்தியம் பார்ப்பதா வேண்டாமா என்பதை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஊழியர்களின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சார்ஸ் வந்த 8,096 பேரில் 1,700க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவப் பணியாளர்கள். அன்று அப்பாவை வாசலில் நிறுத்திய நர்ஸுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். அவள் முகத்தில் இருந்தது கிருமியை வடிகட்டும் என்95 மாஸ்க் இல்லை, வியர்வையில் நனைந்த ஒரு துணி மாஸ்க். அதைப் போட்டுக்கொண்டு அப்பாவின் மூச்சுக்குப் பக்கத்தில் குனிய அவளிடம் எப்படிச் சொல்வேன்? வாசலில் ரிசல்ட் கேட்கச் சொன்ன நிர்வாகம், அவளுக்கு முதலில் ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.