ஒரே ஓர் இடமும் ஒரு மாத வதந்தியும்

பனித்தரையில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் பார்ப்பவர்களிடம் ரஷ்ய ஆட்டக்காரர் எவ்கேனி பிளஷென்கோவின் பெயரை எடுத்தால், 2014 சோச்சி ஒலிம்பிக்கைப் பற்றிய வாக்குவாதம் இன்றும் தொடங்கிவிடுகிறது. பதினெட்டு வயதுப் பையன் ஒருவனின் இடத்தை அவர் பறித்துக்கொண்டார் என்று ஒரு தரப்பு சொல்லும். ஒரு நாட்டின் பல பிரிவு வீரர்களின் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும் அணிப்போட்டியில் அவர் நாட்டுக்குப் பெற்றுத் தந்த 19 புள்ளிகளை மறு தரப்பு எடுத்துக் காட்டும். இந்த இரு தரப்பும் பேசாமல் விடுகிற ஒன்று எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2013 டிசம்பர் இறுதியிலிருந்து அடுத்த ஜனவரி மூன்றாம் வாரம் வரை, ஏறத்தாழ ஒரு மாத காலம், ரஷ்ய ஆடவர் பிரிவின் அந்த ஒற்றை இடத்தை வைத்து ஊடகங்களில் ஓடிய வதந்திகளும், அவற்றை ஓட விட்ட ரஷ்ய ஸ்கேட்டிங் கூட்டமைப்பின் மௌனமும்தான் அது.

முதலில் அந்த இடம் ஏன் ஒற்றை இடமாயிற்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒலிம்பிக்கில் ஒரு நாடு எத்தனை வீரர்களை இறக்கலாம் என்பது அதற்கு முந்தைய ஆண்டின் உலகப் போட்டியில் முடிவாகிறது. ஒருவரை மட்டும் அனுப்பும் நாடு இரண்டு இடம் பெற வேண்டுமானால், அவர் முதல் பத்துப் பேருக்குள் வர வேண்டும். 2013 ஜனவரியில் ஜாக்ரெப் ஐரோப்பியப் போட்டியில், முதலில் வரும் குறும் ஆட்டத்தோடு, அடுத்த நீள் ஆட்டத்துக்கு நிற்காமல் முதுகுவலி தாங்காமல் விலகிய பிளஷென்கோ, அதன்பின் முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு படுத்துவிட்டார். அந்த மார்ச்சில் கனடாவின் லண்டன் நகரில் நடந்த உலகப் போட்டிக்குத் தனி ஆளாக அனுப்பப்பட்டவன் மாக்சிம் கோவ்துன். பெரியவர்களுக்கான உலகப் போட்டியில் அவன் கால் வைத்தது அதுவே முதல் முறை. வயது 17, கிடைத்த இடமும் 17. நாடு முழுவதுக்கும் ஆக வேண்டிய ஒரு காரியத்தை அந்த வயதில் ஒருவன் தோளில் மட்டும் ஏற்றிவிட்டு, பின்னர் இடம் குறைந்ததற்கு அவனையே கைகாட்டியவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

டிசம்பரில் ரஷ்யத் தேசியப் போட்டி நடந்தது. நடந்த இடம், இரண்டே மாதத்தில் ஒலிம்பிக் ஆட்டங்கள் நடக்கவிருந்த அதே சோச்சி ஐஸ்பெர்க் அரங்கம். அங்கே கோவ்துன் முதலிடம், பிளஷென்கோ இரண்டாமிடம், செர்கெய் வோரொனோவ் மூன்றாமிடம். வேறொரு விளையாட்டாக இருந்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். இங்கே அப்போதுதான் தொடங்கியது. தேசிய வாகையருக்கு ஒலிம்பிக் இடம் உறுதி என்று எந்த விதியும் இல்லை. பயிற்சியாளர் குழுவும் கூட்டமைப்பும் கூடிப் பேசி முடிவு செய்யும், அவ்வளவுதான். எதை வைத்து முடிவு செய்யும், ஐரோப்பியப் போட்டிக்கு எவ்வளவு மதிப்பு, பழைய பதக்கங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று ரசிகர்களுக்குத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

ஆகவே அந்தப் பள்ளத்தை வதந்தி நிரப்பியது. கோவ்துன்தான் போகிறான் என்று ஒரு நாள் செய்தி வரும்; மறுநாளே, இல்லை, மூத்தவருக்காக இடம் காத்திருக்கிறது என்று வரும். தோற்ற கையோடு, தனக்கு அணிப்போட்டி மட்டும் போதும் என்று பிளஷென்கோ நினைப்பதாகவும் செய்தி வந்தது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, அணிப்போட்டியில் அவரும் தனிநபர் போட்டியில் கோவ்துனும் ஆடுவார்கள் என்று கணக்குப் போட்டு எழுதியவர்கள் பலர். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருந்தால் அந்தக் கணக்கு நிற்காது என்பது தெரிந்திருக்கும். ஒற்றை இடம் உள்ள நாட்டில் அணிப்போட்டியில் ஆடுபவரும் தனிநபர் போட்டியில் ஆடுபவரும் ஒருவரேதான். காயம் போன்ற தக்க காரணம் இல்லாமல் இடையில் ஆள் மாற்ற முடியாது. பத்து நிமிடம் செலவிட்டு விதியை வாசகருக்கு விளக்கியிருக்கலாம். அதற்குப் பதில் நம்பத்தகுந்த வட்டாரம் என்ற பெயரில் யாரோ சொன்னதை அச்சிடுவது எளிதாகப் போயிற்று. ஒரு பயிற்சிக் கூடத்தில் கசியும் செய்தியால் யாருக்கு லாபம் என்று கேட்காமல் அதை வெளியிடும் செய்தியாளர், தாம் அறியாமலேயே அந்தக் கூடத்தின் ஆளாகிவிடுகிறார். ஒரு பக்கம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிளஷென்கோவின் பயிற்சியாளர் அலெக்செய் மிஷின், மறுபக்கம் மாஸ்கோவில் கோவ்துனுக்குப் பயிற்சி தந்த எலெனா புயானோவாவும் தாத்தியானா தாராசோவாவும் என்று இரண்டு பெரிய பயிற்சி மரபுகள் எதிரெதிரே நின்ற நேரத்தில் இந்தக் கவனம் இரு மடங்கு வேண்டியிருந்தது.

ஜனவரியில் புடாபெஸ்டில் ஐரோப்பியப் போட்டி. பிளஷென்கோ அதற்குப் போகவில்லை. கோவ்துன் ஐந்தாவதாக வந்தான். வெள்ளியை வோரொனோவும் வெண்கலத்தை கான்ஸ்டன்டின் மென்ஷோவும் எடுத்தார்கள். இரண்டு பெயராக இருந்த வதந்தி நான்கு பெயராகிவிட்டது. ஒவ்வொரு தாவலையும் தன் இடத்துக்கான வாக்குமூலமாக எண்ணி ஆடவேண்டிய நிலையில் ஒரு பதினெட்டு வயதுப் பையன் குவாட் என்னும் தாவலை எடுக்க ஓடிவருவதைக் கற்பனை செய்து பாருங்கள். காற்றில் நான்கு சுற்றுச் சுற்றி, ஒரு கத்தி விளிம்பில் பின்னோக்கி இறங்கும் வேலை அது. முக்கால் விநாடிக்கும் குறைவான நேரத்தில் முடிகிற அந்தக் காரியத்தில் மனம் அரைக்கால் பங்கு விலகினாலும் உடம்பு பனியில் கிடக்கும்.

அதன்பின் நடந்ததுதான் எனக்கு முற்றிலும் ஒப்புக்கொள்ள முடியாதது. பிளஷென்கோவின் உடல்நிலையை அறிய ஒரு சோதனை ஆட்டம் வைத்தார்கள். ஊடகங்களுக்கு அனுமதி இல்லை. மூடிய அரங்கில், கூட்டமைப்பு நிர்வாகிகள் முன்னிலையில் அவர் ஆடினார். நன்றாக ஆடினார் என்று வெளியே வந்தவர்கள் சொன்னார்கள். இடம் அவருக்குப் போனது. அவர் நன்றாகவே ஆடியிருக்கலாம். அவரைப் போன்ற ஆட்டக்காரர் தலைமுறைக்கு ஒருவர்தான் பிறப்பார் என்று நம்புகிறவன் நான். 2002 ஒலிம்பிக்கில் வெள்ளி, 2006-இல் தங்கம், 2010-இல் வான்கூவரில் 1.31 புள்ளியில் கைநழுவிய தங்கம் என்று அவருடைய கணக்கு எனக்கு மனப்பாடம். ஆயினும் அரங்கத்தின் கதவைச் சாத்திய பிறகு, உள்ளே நடந்ததைப் பற்றி ஊகித்தார்கள் என்று பத்திரிகைகளைக் குறை சொல்லும் உரிமை கூட்டமைப்புக்கு இல்லை.

இதே சிக்கலை ஜப்பான் நான்கு ஆண்டுகள் கழித்துச் சந்தித்தது. 2017 நவம்பரில் ஜப்பானில் நடக்கும் என்எச்கே கோப்பைப் போட்டிக்கான பயிற்சியில் அந்நாட்டின் முன்னணி வீரர் யுசுரு ஹான்யூ விழுந்து கணுக்காலில் அடிபட்டு, தேசியப் போட்டிக்கே வர முடியாமல் போனார். அவர் பெயர் ஒலிம்பிக் அணியில் வந்தபோது பெரிய கலவரம் எதுவும் எழவில்லை. தேசியப் போட்டியில் வெல்பவருக்கு இடம் உறுதி, மற்ற இடங்களுக்கு உலகத் தரவரிசை முதலியன பார்க்கப்படும் என்று முன்கூட்டியே எழுத்தில் இருந்தது. ஷோமா உனோ வென்று உள்ளே வந்தார். ஹான்யூ தன் தகுதியால் வந்தார். பியோங்சாங்கில் தங்கமும் வெள்ளியும் அந்த இருவருக்கே. ஜப்பானிடம் மூன்று இடங்கள் இருந்தன, ரஷ்யாவிடம் ஒன்றுதான், ஆகையால் ஒப்பீடு முழுமையாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதி வைத்த விதிக்கு இடம் எத்தனை என்பது ஒரு பொருட்டில்லை. ஓர் இடம்தான் உள்ளது என்றால் விதி இன்னும் துல்லியமாக இருந்திருக்க வேண்டும். விதி மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். 2014-இல் அமெரிக்கத் தேசியப் போட்டியில் மூன்றாவதாக வந்த மிராய் நாகாசுவை விட்டுவிட்டு நான்காவதாக வந்த ஆஷ்லி வாக்னரை அனுப்பியபோது, கடந்தகாலச் சாதனைகளும் பார்க்கப்படும் என்ற விதி இருக்கத்தான் செய்தது. அதைப் போட்டிக்கு முன்பே மக்களிடம் எடுத்துச் சொல்ல யாரும் மெனக்கெடவில்லை. அந்த வேலை செய்தியாளருடையது.

சோச்சி, 2014 பிப்ரவரி 13. தனிநபர் போட்டியின் குறும் ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சிச் சுற்று. நான்கு நாள் முன்புதான் அணிப்போட்டித் தங்கம் பிளஷென்கோவின் கழுத்தில் விழுந்திருந்தது. அதன் நீள் ஆட்டத்தில் 168.20 புள்ளிகளோடு அவர்தான் முதலிடம். ட்ரிபிள் ஆக்ஸல் என்னும் மூன்றரைச் சுற்றுத் தாவல் ஒன்றை எடுத்து இறங்கியபோது கால் சரியாக ஊன்றவில்லை. கை இடுப்புக்குப் பின்னால் போனது. தடுப்போரம் நின்ற மிஷினிடம் போய் ஏதோ பேசினார். பெயர் அறிவிக்கப்பட்டது, அரங்கமே எழுந்து கூவியது. அவர் மெல்லச் சறுக்கிக்கொண்டு நடுவரிடம் போனார், இரண்டு வார்த்தை பேசினார், பிறகு கூட்டத்தை நோக்கிக் கை அசைத்துவிட்டு வெளியேறினார். தொலைக்காட்சி முன்னால் நான் எழுந்து நின்றுவிட்டேன். சொந்த மண்ணில் நடந்த ஒலிம்பிக்கில் ஆடவர் தனிநபர் பிரிவில் ரஷ்யாவின் சார்பில் ஆட அதன்பின் ஒருவரும் இல்லை. அந்த நேரத்தில் மாற்று ஆளை இறக்க வழியே இல்லை.

அன்று இரவே அடுத்த வதந்தி கிளம்பியது: காயம் நாடகம், தங்கம் வாங்கியதும் விலகுவது முன்பே போட்ட திட்டம். முதுகில் பொருத்தியிருந்த திருகாணி உடைந்திருந்ததாக அவர் தரப்பு பின்னர் தெரிவித்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு ஒலிம்பிக் ஆடிய ஒருவரின் முதுகெலும்பைப் பற்றிப் படம்கூடப் பார்க்காமல் தீர்ப்பெழுதியவர்கள், ஒரு மாதம் முன்பு கோவ்துனைப் பற்றி எழுதியவர்களேதாம். யாருடைய பெயரையும் குறிப்பிடாத வட்டாரம் ஒன்றை நம்பி எழுதப் பழகிய கை, அடுத்த முறையும் அப்படித்தான் எழுதும்.

கோவ்துன் அதன்பின் 2015, 2016, 2019 தேசியப் பட்டங்களையும் வென்றான். ஐரோப்பியப் போட்டியில் இரண்டு முறை வெள்ளி எடுத்தான். 2018 ஒலிம்பிக்கிலும் அவன் பெயர் இல்லை. 2019-இல், 23 வயதில், ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றான். நான்கு முறை நாட்டின் வாகையராக வந்த அவன் ஒரு முறைகூட ஒலிம்பிக் பனியில் ஆடவில்லை.