ஹாலோவீனுக்குக் கருப்புத் தாளும் கத்தரிக்கோலும் போதும்

அக்டோபர் 31இல் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் பண்டிகை ஹாலோவீன். அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்ததும் கடைகளில் அதற்கான சாமான்கள் குவிய ஆரம்பித்துவிடும். காற்றடைத்த பேய்கள், பேட்டரியில் கண் மினுக்கும் மண்டையோடுகள், 2020இல் விற்பனைக்கு வந்து இன்று தெருத்தெருவாக நிற்கும் 12 அடி எலும்புக்கூடு. இங்கே பிள்ளை வளர்க்கும் நம்மவர்களும் பக்கத்து வீட்டைப் பார்த்து ஒன்றிரண்டை வாங்கி வைக்கிறோம். என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். அதில் எதுவும் தேவையில்லை. கருப்புத் தாள், கத்தரிக்கோல், டேப், தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல் இருந்தால் வீடு அவற்றைவிட அழகாகப் பயமுறுத்தும்.

காசு மிச்சம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஹாலோவீன் அலங்காரத்தின் இன்றைய தோற்றமே காகிதத்தில் உருவானது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள், அமெரிக்காவில் அது பூசணியாக மாறியது என்பது பலருக்கும் தெரியும். அதன் பிறகு வந்த கதையைத்தான் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டென்னிசன் நிறுவனம் சுருக்கம் சுருக்கமாக இருக்கும் க்ரேப் தாள் விற்றுவந்தது. தாளை வாங்கியவர்கள் அதை வைத்து என்ன செய்வது என்று சொல்லித்தர, 1909இல் 'போகி புக்' (பூச்சாண்டிப் புத்தகம்) என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டது. ஆரஞ்சும் கருப்புமாக மேசையை எப்படி அலங்கரிப்பது, சுவரில் எதை ஒட்டுவது, தாளிலேயே மாறுவேட உடை எப்படித் தைப்பது என்று எல்லாம் வீட்டில் செய்யக்கூடியவை. பென்சில்வேனியாவின் பைஸ்டில் நிறுவனம் கைகால் அசையும் அட்டை எலும்புக்கூடுகளைச் செய்து விற்றது. முதுகை வளைத்த கருப்புப் பூனை, துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி, நிலாவுக்கு முன்னால் வௌவால் என்று இன்று நம் மனதில் இருக்கும் உருவங்கள் பெரும்பாலும் அந்தக் காகிதங்களில்தான் பழகிப்போயின. பிளாஸ்டிக் பின்னால் வந்தது.

சரி, செய்முறைக்கு வருவோம். ஜன்னல் உருவத்துக்கு விவரம் தேவையில்லை, வெளிக்கோடுதான் முக்கியம். தெருவில் நடப்பவருக்கு உள்ளே எரியும் விளக்குக்கு முன்னால் ஒரு கருப்பு வடிவம் மட்டுமே தெரியும். பூனையின் மீசையை வரைந்து பயனில்லை, காதும் வாலும் முதுகு வளைவும் தெளிவாக இருக்க வேண்டும். கண்ணை ஓட்டையாக வெட்டி, பின்னால் ஆரஞ்சு டிஷ்யூ தாள் ஒட்டினால் கண் எரியும். ஓட்டைக்குள் கண்மணி வேண்டுமென்றால் அதை ஓரத்தோடு இணைக்கும் ஒரு மெல்லிய பட்டையை விட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் கழன்று விழுந்துவிடும். உள்வெட்டுகளை முதலில் முடித்துவிட்டு வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டுவது நல்லது, அதுவரை தாள் கைக்கு உறுதியாக இருக்கும். வளைவு வரும்போது கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது சிலந்தி வலை. சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். அதைப் பாதியாக, மறுபடியும் பாதியாக, இன்னும் ஒருமுறை பாதியாக மடியுங்கள். எப்போதும் தாளின் நடுப்புள்ளியே கூர்முனையாக வர வேண்டும். மொத்தம் நான்கு மடிப்பு, 16 அடுக்கு. மூன்று மடிப்போடு நிறுத்தினால் வலையின் நடுவிலிருந்து விரியும் கால்கள் நான்குதான் கிடைக்கும், நான்காவதில் எட்டாகும். அட்டை இத்தனை மடிப்பைத் தாங்காது, மெல்லிய தாள்தான் சரி. இப்போது ஒரு பக்க விளிம்பிலிருந்து எதிர்ப்பக்கம் நோக்கிப் பிறைப் பிறையாக வெட்டி எடுங்கள். எதிர் விளிம்பைத் தொடவே கூடாது, அதுதான் வலையின் கால். மிச்சமிருக்கும் பட்டைகள் கூர்முனைப் பக்கம் தொய்ந்தாற்போல் இருந்தால், பிரிக்கும்போது இழைகள் உண்மையான வலையைப் போலவே உள்வாங்கி நிற்கும். மடிப்பு மடிப்பாக அது விரிவதைப் பார்க்கும் குழந்தையின் முகத்துக்காகவே இதைச் செய்யலாம்.

வௌவால் சுலபம். தாளை இரண்டாக மடித்து ஒரு பாதியை வரைந்து வெட்டினால் போதும். சுவரில் ஒட்டும்போது உடம்பை மட்டும் ஒட்டி, சிறகுகளைச் சற்று மேலே தூக்கிவிடுங்கள். பக்கத்தில் ஒரு விளக்கு இருந்தால் நிழலும் சேர்ந்து ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரியும். விளக்கு எல்.இ.டி.யாக மட்டுமே இருக்கட்டும். காகிதத்தின் பக்கத்தில் மெழுகுவர்த்தி வைக்கவே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்றிலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். குழந்தை வெட்டிய கோணல் வௌவாலை நாம் நேராக்கக் கூடாது. இணையத்தில் அச்சடிக்கத் தயாராக ஆயிரம் மாதிரிகள் கிடைக்கின்றன. முதல் உருவத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், அடுத்ததை அவர்களே வரையட்டும். அம்மா அப்பா வெட்டிக் கொடுத்து, பிள்ளை ஒட்ட மட்டும் செய்யும் அலங்காரம் கடையில் வாங்கியதற்குச் சமம்தான். பயமுறுத்தும் உருவத்தைத் தானே செய்த பிள்ளைக்கு இருட்டின் மேலுள்ள பயமும் கொஞ்சம் குறைகிறது. என் வீட்டில் கண்கூடாகப் பார்த்தது இது.

மெக்சிகோவின் 'பாப்பெல் பிக்காதோ' என்ற காகிதத் தோரணங்களை ஹாலோவீனோடு கலப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பூயெப்லா மாநிலத்தின் சான் சால்வடோர் உயிக்ஸ்கொலோட்லா ஊரில், டிஷ்யூ தாள்களை அடுக்கி, உளியும் சுத்தியலும் கொண்டு கொத்தி எடுக்கும் அபாரமான கலை அது. நவம்பர் மாதத்தின் முதல் இரண்டு நாட்களில் இறந்தவர்களை வீட்டுக்கு வரவேற்க அதைக் கட்டுகிறார்கள். பேய் பொம்மைக்குப் பக்கத்தில் தொங்கவிட வேண்டிய பொருள் இல்லை.

'இது நம் பண்டிகையா' என்று கேட்பவர்களும் உண்டு. 2024இல் தீபாவளியே அக்டோபர் 31இல் வந்தது. வாசலில் அகல் விளக்கு, ஜன்னலில் காகிதப் பூனை என்று இருந்த வீடுகளில் எதற்கும் எந்தக் குறையும் வரவில்லை.

பண்டிகை முடிந்ததும் உருவங்களைக் கனமான புத்தகத்துக்குள் தட்டையாக வைத்துவிடுங்கள், அடுத்த வருடமும் ஆகும். பள்ளிக்கூடக் கைவினைக்கு வாங்கும் சொரசொரப்பான கருப்புத் தாள் மட்டும் வெயிலில் வெளிறிவிடும், ஜன்னலுக்குச் சாயம் போகாத நல்ல கருப்பு அட்டையாக வாங்குங்கள். வலை மடிப்பது புரியவில்லை என்றால் கேளுங்கள், படம் வரைந்து போடுகிறேன்.