எடைக்குப் போகும் இதழ்கள்

எழுபதுகளில் வந்த ஒரு சிற்றிதழை உங்கள் ஊர் கிளை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காது. நூலகர் மேல் தப்பில்லை. புத்தகம் வந்தால் பதிவேட்டில் ஏறும், எண் விழும், தொலைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மாத இதழுக்கு அந்த மரியாதை கிடையாது. கொஞ்ச நாள் மேசையில் கிடக்கும், அப்புறம் பழைய செய்தித்தாளோடு எடைக்குப் போய்விடும்.

தமிழில் புதுக்கவிதையும் விமர்சனமும் வளர்ந்ததே இதழ்களில்தான். 'மணிக்கொடி', 'எழுத்து', 'கசடதபற' என்று அந்த வரிசை நீளும். அவற்றில் வந்த கதை, கவிதைகளில் ஒரு பங்கு பிறகு புத்தகமானது. வாசகர் கடிதம், அதற்குப் பதில், பதிலுக்கு வந்த வசை எல்லாம் இதழோடு போய்விட்டன. எனக்கென்னவோ சுவாரஸ்யமே அங்கேதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சாகும் ஒவ்வொரு நூலும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் நம் சென்னை கன்னிமாரா உட்பட வேறு மூன்று நூலகங்களுக்கும் போக வேண்டும். 1956-இல் பத்திரிகைகளையும் சேர்த்தார்கள். அனுப்பாதவருக்கு அந்தச் சட்டம் எழுதிவைத்த அபராதம் 50 ரூபாய் வரை. கூரியர் செலவே அதைத் தாண்டும்! பாதிச் சிற்றிதழ்கள் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டுக்கொண்டு வந்தவை வேறு. அவற்றை யார் கேட்டு வாங்கியிருப்பார்கள்?

கல்லூரிகளில் இப்போது எல்லாம் மின்னிதழ். அரசே மொத்தமாகச் சந்தா கட்டி அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களை ஆன்லைனில் தரும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், சுமார் 13,000 இதழ்கள். இயற்பியல் மாணவருக்கு அது வரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் இருப்பவை எல்சிவியர், ஸ்பிரிங்கர் மாதிரியான பன்னாட்டுப் பதிப்பகங்களின் இதழ்கள். "அதான் ஆன்லைனில் எல்லாம் இருக்கிறதே" என்று அச்சு இதழ்ச் சந்தாவில் கைவைத்தால் முதலில் அடிபடுவது தமிழ் ஆய்விதழ்தான். அது ஆன்லைனிலும் இருக்காது. இன்னொன்று, அச்சு இதழுக்குச் சந்தா நின்றாலும் வந்த இதழ்கள் அலமாரியில் இருக்கும். மின்னிதழுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

பழைய இதழ்களுக்காக இன்று ஆய்வாளர்கள் தேடிப் போகும் சென்னை ரோஜா முத்தையா நூலகம், கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிய ஒரு மனிதர் சொந்தக் காசில் சேர்த்தது. 1992-இல் அவர் இறந்த பிறகு அதை விலைக்கு வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். நம் பொது நூலகத் துறை அல்ல.

ஒவ்வொரு மாவட்ட மைய நூலகமும் பத்துச் சிற்றிதழையாவது ஆண்டுதோறும் பைண்டு செய்து பதிவேட்டில் ஏற்றலாம். பணமில்லை என்று சொல்ல வேண்டாம். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்.